பின்சீற்றில் யார் ஏறுவது

ஒக்ரோபர் 4, திங்கள்

காலையில் தூறல். பிறகு புழுக்கம். கார் ஒன்று வாங்குவதென்று முடிவு. பழையதுதான், புதிதுக்கு வழியில்லை. தினமும் ஓடவேண்டும், வழியில் நிற்கக்கூடாது. அவ்வளவுதான்.

சனிக்கிழமை நடந்ததை எழுதாமல் விட்டிருந்தேன். எழுதிவிடுகிறேன். இருபாலைப் பக்கம் ஒரு பிரசவம். தோட்டக் கூலிக் குடும்பம். குழந்தை குறுக்கே கிடந்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் முடியாது. நான் வந்த வாடகைக் கார் வீட்டுக்கு வெளியே ஒடுங்கிய ஒழுங்கையில் நின்றது. அந்தப் பெண்ணைத் தூக்கிவருவதைக் கண்டதும் றைவர் கதவைச் சாத்தினான்.

"அம்மா, நீங்கள் ஏறுங்கோ. உவையளை ஏத்த ஏலாது. பிறகு என்ரை காரிலை ஒருத்தரும் ஏறாயினம்."

கெஞ்சினேன். அதட்டினேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னையும் விட்டுவிட்டுப் போனான். மாட்டு வண்டிலில் வைக்கோல் பரப்பிக் கொண்டுபோனோம். தாய் தப்பினாள். குழந்தை இல்லை.

இன்று காலை அதே றைவர் வாசலில். "இண்டைக்கு எங்கை போக வேணும் அம்மா?" எதுவும் நடக்காதது போல. குடையை எடுத்துக்கொண்டு நடந்தே போனேன்.

ஒக்ரோபர் 5, செவ்வாய்

அத்தான் வந்தார். அக்காவின் கணவர், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். கார் விஷயம் அவர் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது.

"பொம்பிளை தனியப் போய்க் கார் கேட்டால் ஏமாத்திப்போடுவாங்கள், பிள்ளை. நானும் வாறன்."

மதராசில் டாக்டருக்குப் படித்தபோது தோழியின் காரில் ஓடப் பழகியவள் நான். அத்தானுக்குச் சைக்கிளும் தெரியாது. ஆனாலும் ஆண் ஒருவர் பக்கத்தில் நிற்காவிட்டால் விற்பவன் வாய் திறக்கமாட்டான். சரி என்றேன். சொல்லும்போதே எரிச்சல்.

வேண்டியது: மழை ஒழுகாத ஹூட். நோயாளியைக் கிடத்தக்கூடிய பின்சீற். என் கையால் கைப்பிடி சுற்றினால் பிடிக்கிற எஞ்சின். நல்ல பிறேக். நிறம் எதுவானாலும்.

கடைவாய்ப்பல் நோகிறது. கராம்பு வைத்தேன்.

ஒக்ரோபர் 7, வியாழன்

பட்டணம். பெரியகடைப் பக்கத்தில் கார்த் தரகன் ஒருவன். சென்ட் மணம், தங்கப்பல். அவன் காட்டிய காருக்குப் பச்சைப் பெயின்ற், கண்ணாடி போல. பெயின்ற் கதவு ரப்பரிலும் பட்டிருந்தது. எதை மறைக்க இவ்வளவு அவசரம்?

கேள்வி கேட்டது நான். பதில் முழுவதும் அத்தானுக்கு.

"ஐயா, இது ஒரு துரையின்ரை கார். ஞாயிற்றுக்கிழமையிலை கோயிலுக்கு மட்டும்தான் எடுத்தவர்."

கேட்டுக் கேட்டுப் புளித்த பொய். என் பையில் கிடந்த நெஞ்சு பார்க்கிற குழாயைக் கண்டுவிட்டு, "அம்மா வேணுமெண்டால் எஞ்சினுக்கு நாடி பாக்கலாம்" என்று இளித்தான். அத்தானும் சேர்ந்து சிரித்தார்.

ஏறி உட்கார்ந்து காலை ஊன்றினேன். காலடியில் விரித்த தும்புப் பாய் உள்ளே போயிற்று, பாயோடு என் காலும். அடித்தகடு முழுவதும் துருக் கறள் தின்றுவிட்டது. கீழே தெருப் புழுதி தெரிந்தது. தரகன் முகம் மாறவில்லை. "அதுக்கு ஒரு பலகை போட்டால் சரி."

கணுக்காலில் கீறல். மருந்து போட்டுக்கொண்டேன். இவனுடைய பலகையை நம்பி யாராவது குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போவார்கள்.

ஒக்ரோபர் 9, சனி

நல்லூர். புறக்கிராசி ஒருவருடைய கார். பெரிய வீடு, தேத்தண்ணி, பலகாரம், அரைமணி நேரம் அவர் வென்ற வழக்குகள். பிறகு கார். கைப்பிடியைத் தொட்டவுடன் எஞ்சின் பிடித்தது. அத்தான் தலையாட்டினார்.

பொனட்டில் கை வைத்தேன். சுட்டது. நாங்கள் வருவதற்குமுன் ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். "ஆறட்டும், ஐயா. ஆறினபிறகு நானே சுற்றிப் பார்க்கிறேன்" என்றேன்.

"என்ரை சொல்லிலை நம்பிக்கை இல்லையோ?"

"சொல்லை ஓட்டிக்கொண்டு போக ஏலாது, ஐயா."

காத்திருந்தேன். அவர் உள்ளே போனவர் வெளியே வரவேயில்லை. ஆறியபின் சுற்றினேன். தோள் விட்டுப்போகும்வரை. அத்தானும் சுற்றினார், அவர்கள் தோட்டக்காரனும் சுற்றினான். எஞ்சினில் ஒரு இருமல்கூட இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அத்தானுக்கு என்மேல் கோபம். பெரிய மனிசரை அவமானப்படுத்திவிட்டேனாம்.

ஒக்ரோபர் 11, திங்கள்

மழை. வாடகை வண்டிலில் இரண்டு வீடு. மூன்றாவது வீட்டுக்குப் போக முடியவில்லை. காய்ச்சல்காரக் குழந்தை, நாளைக்குத்தான் பார்க்கவேண்டும். புடவை முழங்கால்வரை சேறு. பல்லும் விடவில்லை.

ஒக்ரோபர் 13, புதன்

கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

தெல்லிப்பழையில் மலாயா பென்சனியர் ஒருவர். அங்கே ரயில்வேயில் இருந்தவர். மனைவி இல்லை, கண் மங்கிவிட்டது, அதனால் விற்கிறார். கிடுகுக் கொட்டிலுக்குள் கறுப்புக் கார். துடைத்துத் துடைத்துத் தோல் சீற்றெல்லாம் பளபளப்பு. பொனட் குளிர்ந்திருந்தது. இரண்டாம் சுற்றில் பிடித்தது. காங்கேசன்துறை வரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தம் இல்லை. விலையும் நியாயம். எனக்கு வாயெல்லாம் பல்.

திரும்பி வந்ததும் காலில் ஒரு புண்ணைக் காட்டினார். கழுவிக் கட்டிவிட்டேன். "உங்கடை கை குளிர்ந்த கை, பிள்ளை" என்றார். பிறகுதான் கேட்டார்.

"ஒரு கதை. என்ரை மனிசி இருந்த சீற் இது. எளிய சாதியளை இதிலை ஏத்தக் கூடாது. அந்த வாக்கைத் தந்தால் காரைக் கொண்டுபோங்கோ."

"நான் டாக்டர். ஆருக்கு வருத்தமோ அவையை ஏற்றுவேன்."

"அவையளுக்கு வண்டில் இருக்கு."

வைக்கோல் பரப்பிய வண்டில் கண்முன் வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வழியில் அத்தான்: "ஓம் எண்டு சொன்னால் என்ன குறைஞ்சு போகும்? கோப்பாயிலை நீ ஆரை ஏத்திறாய் எண்டு அந்தாள் வந்து பாக்கப்போறாரே?"

இந்த மனிதருக்குப் பொய்யும் பிழையில்லை, அந்த நிபந்தனையும் பிழையில்லை. என் பிடிவாதம் மட்டும்தான் பிழை.

ஒக்ரோபர் 16, சனி

மருந்துச் சாலையில் இருந்தேன். வெளியே ஹோர்ன். கறுப்புக் கார், முன்சீற்றில் அத்தான், ஓட்டி வந்தது யாரோ ஒரு றைவர். அத்தான் கல்யாண மாப்பிள்ளை போல இறங்கினார்.

"உன்ரை பேரிலை நான் வாக்குக் குடுத்திட்டன், பிள்ளை. காசையும் குடுத்தாச்சு. பிறகு நீ தா."

அக்கா அதற்குள் பூமாலையோடு வந்துவிட்டாள். அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே திரும்பிக் கைகழுவும் கோப்பையடியில் போய் நின்றேன்.

கார் நல்ல கார். அதுதான் மோசம். பின்னேரம் யாரும் இல்லாதபோது போய் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தேன்.

ஒக்ரோபர் 17, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. காரைத் தெல்லிப்பழைக்கு நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

பென்சனியர் வாசலுக்கு வந்தார். "என்ன பிள்ளை, கார் பிழையோ?"

"கார் சரி, ஐயா. வாக்குத்தான் பிழை. அதை அத்தான் குடுத்தவர். நான் குடுக்கேல்லை. எல்லாரையும் ஏற்றுவேன். தெரிஞ்சுகொண்டு விடுங்கோ, இல்லையெண்டால் திருப்பி எடுங்கோ."

அவர் கதவைத் திறந்து பின்சீற்றைக் கையால் தடவினார்.

"ஆரையும் ஏத்தினனீங்களோ?"

"இன்னும் இல்லை."

"அவையளைத் தொட்டு வைத்தியம் பாக்கிறனீங்கள்தானே."

உள்ளே குரல் கொடுத்தார். வேலைக்காரப் பெண் செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தாள். தெளித்தது பின்சீற்றில் அல்ல. நான் இருந்து ஓட்டிவந்த சீற்றில். நான் பார்த்துக்கொண்டு நிற்கவே.

அவர் காலில் புதன்கிழமை நான் கட்டிய துணி அப்படியே இருந்தது. அதற்குத் தெளிக்கவில்லை.

அத்தானுக்குக் கொடுக்கச் சொல்லிக் காசைத் தந்தார். வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். நல்ல வெயில். வீட்டுக்கு வந்து கைகளைச் சவர்க்காரம் போட்டு நெடுநேரம் கழுவினேன். அவரைத் தொட்ட கை என்று.

ஒக்ரோபர் 20, புதன்

அத்தான் கதைப்பதில்லை. நல்லது. தனியாகவே போனேன்.

சுன்னாகத்தில் புகையிலை வியாபாரி. அவருடைய கார் காரே அல்ல, சக்கரம் பூட்டிய புகையிலைக் கொட்டில். பின்சீற்றைக் கழற்றிச் சிப்பம் ஏற்றியிருக்கிறார். இப்போது திருப்பிப் பூட்டியிருக்கிறது. மணம் தலையைச் சுற்றியது. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பார்த்தேன். தகடு, பாய்க்கடியில்: உறுதி. பொனட்: குளிர். மூன்றாம் சுற்றில் பிடித்தது.

"ஹூட் பின்னுக்கு ஒழுகும். பிறேக்கை ரெண்டு தரம் மிதிக்க வேணும். மற்றப்படி வழியிலை நிண்டதில்லை" என்றார், நான் கேட்காமலே.

என் நிபந்தனையையும் சொன்னேன். யாரையும் ஏற்றுவேன் என்று. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"வித்தாப் பிறகு எனக்கென்ன கதை, அம்மா?"

நல்லவரோ கெட்டவரோ தெரியாது. அந்த ஒரு வார்த்தை போதும். வாங்கிவிட்டேன்.

ஒக்ரோபர் 22, வெள்ளி

சீற்றை வினாகிரி போட்டுக் கழுவினேன். பிறேக் திருத்தக் கொடுத்து எடுத்தேன். இப்போது ஒரு மிதி போதும். பல்லைப் பிடுங்கியாயிற்று. அக்கா ஆள் அனுப்பினாள்: எல்லாரையும் ஏற்றப்போகிற அந்தக் காரில் தன் வீட்டு வாசலுக்கு வரவேண்டாமாம், மாமியார் பார்த்தால் பேச்சாம். சரி. நடந்தும் போகமாட்டேன்.

ஒக்ரோபர் 25, திங்கள்

பெருமழை. கோப்பாய் வடக்கில் வள்ளி என்கிற பெண். முதற்பிள்ளை. கை கால் வீக்கம், ஒருமுறை வலிப்பும் வந்துவிட்டது. கூட அவள் தாய் மட்டும். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கென்று வள்ளியைப் பின்சீற்றில் கிடத்தினேன். தாய் கீழே, தகட்டில் குந்தினாள்.

"மேலை இருங்கோ."

"வேண்டாம் தாயே. றோட்டிலை சனம் பாக்கும்."

வளைவில் வள்ளியின் தலை கதவில் இடித்தது. நிறுத்தினேன். "தலையைப் பிடிக்க ஆள் வேணும். மேலை இருந்து மடியிலை வையுங்கோ. நீங்கள் இருக்காமல் நான் காரை எடுக்கமாட்டேன்." சீற்றின் ஓரத்தில், ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தாள்.

சுன்னாகத்தில் ரயில் கடவை மூடியிருந்தது. முன்னால் வண்டில்கள், பின்னால் பஸ். மழைக்குக் கடை ஓரம் ஒதுங்கிய ஆண்கள் குனிந்து உள்ளே பார்த்தார்கள். ஒருவன் என் பக்கம் வந்தான்.

"ஆரம்மா பின்னுக்கு? ஆரை எங்கை இருத்திறதெண்டு தெரியாதோ?"

தாய் கீழே சறுக்கப் பார்த்தாள். "அசையாதேங்கோ" என்றேன். அந்த நேரம்தான் வள்ளி கத்தினாள். ஆஸ்பத்திரி வரை பொறுக்காது என்று தெரிந்தது. இறங்கிப் பின்னால் ஏறினேன். ஹூட் ஒழுகி என் முதுகெல்லாம் தண்ணீர். அந்த ஆள் இன்னும் நின்றான். "நிக்கிறதெண்டால் குடையைப் பிடியும். இல்லையெண்டால் போம்" என்றேன். போனான். காறித் துப்பிவிட்டு.

பெண் குழந்தை. தட்டியதும் அழுதது. வள்ளிக்கு மூச்சு சீராக இருந்தது. தாயின் இரண்டு கையும் அவள் தலையில்.

ரயில் போய்க் கடவை திறந்தது. வண்டில்கள் போயின. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான், விடாமல் அடித்தான். நான் தொப்புள்கொடியைக் கட்டி வெட்டும்வரை நிற்கட்டும் என்று விட்டேன். நின்றான்.