மொட்டைமாடியில் காற்று மிஷின்

விம்கோ நகர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஷிபினுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே கனடாவில் நீயும் மகிமாவும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன்.

நம் மொட்டைமாடிக்கு ஒரு புதுக் குடித்தனம் வந்திருக்கிறது. ஊர்க்காரர்களும் ஒரு கல்லூரியும் கூட்டாகச் சேர்ந்து சுற்றுச்சூழல் வேலை செய்தால் அரசாங்கம் மானியம் கொடுக்கிறதாம், எதிர்வீட்டு ஜெயவேல் நம் தெருச் சங்கத் தலைவர் அல்லவா, அலையாய் அலைந்து வாங்கிவிட்டார். அந்தப் பணத்தில் காற்றில் எவ்வளவு விஷம் என்று அளக்கும் மிஷின் ஒன்று வந்தது. யார் வீட்டில் வைப்பது என்று பேச்சு வந்தபோது அவர் என்னைக் காட்டி, "நம்ம அக்கா வூட்ல வெச்சிக்கலாம்பா, அதான் எங்கயும் போவாம எப்பவும் வூட்லயே கீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அழுகை வந்துவிட்டது மக்கா.

ஆனால் மிஷினால் ஒரு நல்லதும் நடந்தது. கல்லூரியிலிருந்து ஜெரினா என்றொரு பெண் தினமும் சாயங்காலம் வந்து அதில் காட்டும் அளவை எழுதிக்கொண்டு போவாள். காசிமேட்டுப் பிள்ளை, வாய் ஓயாது. டீ குடிப்பாள், என் மீன்குழம்பில் புளி அதிகம் என்று என்னிடமே சொல்வாள், அவளுக்காகவே நான் மறுபடி குழம்பு வைக்கத் தொடங்கினேன். போன மாதம் மிஷினுக்குள் ஒரு சிம் போட்டார்கள், இப்போது அளவெல்லாம் தானாகவே அவள் செல்லுக்குப் போய்விடுகிறது, அவள் வரவேண்டிய வேலையே இல்லை. ஒருநாள் பியூஸ் போய் மிஷின் நின்றபோது மட்டும் ஓடி வந்தாள். அதைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி கெட்டது. போன செவ்வாய்க்கிழமை நானே மாடியேறி சுவிட்சை அணைத்துவிட்டு, பால் காய்ச்சி வைத்துக் காத்திருந்தேன். அவளுக்குப் பரீட்சையாம், வரவில்லை, நானும் சுவிட்சைத் திரும்பப் போடவில்லை.

மறுநாள் காலையில் பார்த்து ஏதோ விஷவாயு வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை, தெரு முழுக்கக் கண் எரிச்சல், பின்வீட்டுக் கைக்குழந்தையை மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், இப்போது தேவலாம். அதிகாரிகள் வந்தபோது எங்கள் மிஷினில் எல்லாம் பதிவாகியிருக்கும் என்று ஜெயவேல் நெஞ்சை நிமிர்த்தினார். பார்த்தால் ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷமாக நாற்றம் அடிக்கிறது என்று நாம் சொன்னால் இவர்கள் ஆதாரம் எங்கே என்பார்கள், ஆதாரம் கிடைக்கவேண்டிய நாளில் நான் அணைத்து வைத்திருக்கிறேன். சங்கக் கூட்டத்தில் அவர் ஜெரினாவைப் பிடித்து, "இன்னாம்மா, கலீஜ் மிஷின குட்த்து ஏமாத்துறீங்களா, ஒங்க காலேஜு சகவாசமே வாணாம்" என்று கத்தினார். கல்லூரி விலகினால் மானியமும் போய்விடும். அந்தப் பிள்ளை தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க முடியவில்லை, எழுந்து, நான்தான் அணைத்தேன், இவள் வருவாள் என்றுதான் அணைத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

கல்லூரியைப் போகச் சொன்னதை ஜெயவேல் திரும்ப வாங்கிக்கொண்டார், ஆனால் என்னிடம் இன்றுவரை பேசவில்லை. சுவிட்சுக்கு மேல் பூட்டுப்பெட்டி ஒன்று போட்டிருக்கிறார்கள். அன்று ஜெரினாதான் கைப்பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டாள். "ஒரு போன் அட்ச்சா வந்துட மாட்டேனா ஆன்ட்டி" என்று கேட்டாள். போன் போட்டால் என்ன விஷயம் என்று கேட்பாயே, விஷயம் ஒன்றும் இல்லையே என்றேன். நீயும் எடுத்ததும் அதைத்தான் கேட்கிறாய் மக்கா, அதனால்தான் உனக்கும் நான் போடுவதில்லை.

காதை மூடாமல் பனியில் போகாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் நடத்துவார். விஷயம் ஒன்றும் இல்லாத நாளில் ஒருதரம் கூப்பிடு.

உன் அம்மா,
தேவப்பிரியம்