இழுத்தால் திரும்ப வேண்டும்

மார்ச் 4, செவ்வாய்
அண்ணி சலூனுக்கு வந்தார்! நாங்கள் பேசி இரண்டு வருடம் ஆகிறது. “முடி வெட்டுற வேலைக்கு இவ்வளவு பந்தாவா?” என்று அன்று எல்லோர் முன்னாலும் கேட்டவர், இன்று என் நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தார். பதவி உயர்வாம், அலுவலகத்தில் புதுப் புகைப்படமாம், முடி வெளிர்பழுப்பில் வேண்டுமாம்.

நிறம் மாற்றும் முன் ஒரு முடியை நனைத்து இழுத்துப் பார்ப்போம். நல்ல முடி சற்று நீண்டு, விட்டதும் பழையபடி சுருங்கும். கெட்டது பட்டென்று அறும், இல்லை நீண்டபடியே தொங்கும். பிடரியிலிருந்து ஒன்று எடுத்தேன். நீண்டு, பழையபடி சுருங்கியது. “உங்க முடிக்கு ஒண்ணும் ஆகாது அண்ணி” என்றேன், பெரிய நிபுணர் தோரணையில். நாளை வரச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 5
ஐயோ. நிறம் வெளுக்கும் கிரீமைப் போட்டுக் கழுவியதும் முன்பக்க முடி பசையாக இழுபட்டுச் சீப்போடு வந்துவிட்டது. ஏழு வருடமாக முன்பக்கத்துக்குத் தினமும் ஸ்ட்ரெய்ட்னர் போட்டிருக்கிறார். பிடரி அந்தச் சூட்டைப் பார்த்ததே இல்லை. நாலு இடத்துல எடுத்துப் பாக்கணும்னு புதுப் பொண்ணுங்களுக்குப் பாடம் எடுக்கறவளே நான்தானே? அவங்க முன்னாடி கெத்து காட்டணும்னு இருந்துச்சு — காட்டிட்டேன்.

அண்ணி கண்ணாடியைப் பார்த்தபடி, “திட்டக்கூட வாய் வரல” என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 6
அண்ணன் போனில்: “பழி தீர்த்துட்டியாடி?”

மார்ச் 8, சனி
அண்ணி வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். காதளவு வெட்டினேன். இனி சனிக்கிழமைதோறும் சிகிச்சை: ஒரு வாரம் புரதம், மறுவாரம் ஈரப்பதம். ஸ்ட்ரெய்ட்னர் பறிமுதல்.

மார்ச் 22
தலையில் கிரீமுடன் அரைமணி நேரம், ஒரே கண்ணாடியில் இருவர். வெயிலைப் பற்றிப் பேசினோம். வெயிலுக்கு நன்றி.

ஏப்ரல் 12
சீக்கிரம் சரியாக வேண்டுமென்று தொடர்ந்து புரதமே போட்டேன். முடி விறைத்துப்போய், தொட்டால் அறுகிறது. “உன்னை மாதிரியே ஆயிடுச்சு. ஒரு வார்த்தை தாங்காது” என்றார் அண்ணி. சிரித்துத் தொலைத்தேன்.

மே 3
அண்ணனின் குறட்டையைப் பற்றியே அரைமணி போனது. பிறகு திடீரென்று, “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார் அண்ணி. தலையில் கிரீம் இருக்கும்போது மன்னிப்புக் கேட்டால் கௌரவம் குறையாது போலும். நான் அழுதேன், கிரீம் கண்ணில் பட்டுவிட்டது என்றேன். கிரீம் அவர் தலையில் அல்லவா இருந்தது!

ஜூன் 21, சனி
நெற்றி, உச்சி, காதோரம், பிடரி — நாலு இடத்திலும் எடுத்து நனைத்து இழுத்தேன். நாலும் நீண்டன, நாலும் திரும்பின. இனி அவர் வரவேண்டிய அவசியமே இல்லை.

“எப்படி இருக்கு?”

“இன்னும் கொஞ்ச நாள் ஆகும் அண்ணி.”

அவர் முடியைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பொய்.

“நானும் வீட்ல தினமும் நனைச்சு இழுத்துப் பாக்கறேன்” என்று பையை எடுத்தார். “ஆனா நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அடுத்த சனிக்கிழமையும் பத்து மணிதானே?”