பொய் ஓடுதளத்தில் மண் தோண்டுவதை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
நிலவியல் விரிவுரையாளர்,
ஓடுதளச் சாலைக் குடியிருப்பு.

பெறுநர்:
மாவட்ட நிர்வாக அதிகாரி அவர்கள்.

பொருள்: பழைய ராணுவ விமானத்தளத்துக்கு வடக்கே, மருத்துவமனைக்காக நடக்கும் மண் வேலையை வெடிகுண்டுச் சோதனை முடியும்வரை நிறுத்திவைப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. போருக்குப் பின் கைவிடப்பட்ட விமானத்தளம் முழுவதும் சென்ற ஆண்டு கருவிகள் கொண்டு சோதிக்கப்பட்டது. வெடிக்காத குண்டு எதுவும் கிடைக்கவில்லை. அந்த முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை. அங்கே குண்டு விழவே இல்லை.

2. விழுந்ததெல்லாம் வடக்கே உள்ள மேட்டு நிலத்தில். எதிரி விமானங்களை ஏமாற்ற ராணுவம் அங்கே ஒரு பொய் ஓடுதளம் அமைத்திருந்தது. மூங்கிலும் சாக்கும் கொண்டு கட்டிய விமானங்கள், இரண்டு வரிசை விளக்குகள், அவ்வளவுதான். விளக்கேற்றியவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். ஏற்றிவிட்டுப் பதுங்கு குழிக்கு ஓடுவதும் வேலையில் சேர்த்தி என்பார்.

3. குடும்பக் கதைகளை நான் சான்றாகக் கொள்வதில்லை. நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். அந்த மேட்டில் வட்டமான பள்ளங்கள் பல உள்ளன. மழைநீர் அப்படிக் குடையாது. சென்ற வியாழனன்று மண் அள்ளும் இயந்திரத்தின் வாளியில், குண்டின் வால் துடுப்பு ஒன்று வந்தது.

4. மேற்பார்வையாளர் அதைப் பார்த்துவிட்டு, "ஏதோ பழைய பம்புசெட் சாமான், ஓரமாப் போட்டுட்டு வேலையப் பாருப்பா" என்றிருக்கிறார். தங்கள் அலுவலகப் பொறியாளரோ, அந்த நிலம் ராணுவத்தின் பெயரில் இருந்ததே இல்லை, எனவே சோதனை தேவையில்லை என்றார்.

5. இயந்திரத்தை ஓட்டுபவர் என் தம்பி. "எதிரியே ஏர்போர்ட்டுனு நம்பிட்டான், நம்ம ஆபீஸ் நம்ப மாட்டேங்குதே அக்கா" என்று சிரிக்கிறான். வேலைக்குப் போகாதே என்றேன். தான் இறங்கினால் வேறொருவன் ஏறுவான், அவனுக்குப் பள்ளமும் தெரியாது, துடுப்பும் தெரியாது என்கிறான்.

6. மருத்துவமனை வேண்டாம் என்று நான் கூறவில்லை. திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்டத் தொடங்குகிறார்கள். ராணுவம் எங்கே இருந்தது என்று பார்க்காமல், எதிரி எங்கே குண்டு போட்டான் என்று பார்த்துச் சோதனை நடத்த உத்தரவிட வேண்டுகிறேன். அதுவரை வேலையை நிறுத்தச் சொன்னால் மட்டும் போதாது. இயந்திரங்களின் சாவிகளைத் தங்கள் அலுவலகமே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். என் தம்பியிடம் இருப்பதை முதலில் வாங்குங்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன், தரமாட்டேன் என்கிறான்.

திங்களுக்கு முன் தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்

இடம்: ஓடுதளச் சாலை
நாள்: 14, சனிக்கிழமை