அரக்குப் பட்டில் உன் முகம்

இன்று நீ போய் முப்பதாம் நாள். பாப்பாரப்பட்டியில் உன் வீட்டுக்குள் கால் வைத்ததும் புதுப் படச் சட்டத்தின் வார்னிஷ் வாடைதான் முகத்தில் அடித்தது. படத்தில் உன் வீட்டுக்காரர் பக்கத்தில் அரக்குப் பட்டு கட்டி, கழுத்து நிறைய நகையோடு நிற்கிறாய். நீ அரக்குப் பட்டு கட்டி நான் பார்த்ததே இல்லை. உன் கல்யாணத்தில் யாரும் போட்டோவே எடுக்கவில்லை.

அது உன் வீட்டுக்காரரின் முதல் கல்யாணப் படம். செத்துப்போன மூத்தவளின் கழுத்துக்கு மேல் உன் ஆதார் கார்டு முகத்தை ஸ்டுடியோவில் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் நாத்தனார் வந்து, "ஜோடியா ஒரு படம் இல்லியேன்னு நாங்கதாங்க போடச் சொன்னோம். நல்லா இருக்குதுங்களா?" என்றார். தலையாட்டித் தொலைத்தேன்.

தர்மபுரியில் நாம் பார்த்த வேலையே இதுதானே. பழைய டச்சுக் கல்யாண ஓவியங்கள் கம்ப்யூட்டரில் வரும். அந்த ஊரில் புருஷனைத் தனியாக, பெண்டாட்டியைத் தனியாக வரைந்து பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவார்களாம். நானூறு வருஷத்தில் ஜோடிகள் பிரிந்து ஊர் ஊராகப் போய்விட்டன. அங்கத்து மியூசியத்துக்காரர்கள் அனுப்பும் குடும்பப் பட்டியலைப் பார்த்து, யாருக்கு யார் என்று சேர்த்துப் பெயர் எழுதுவது நம் பாடு. உனக்கு வேலை பழக்கியது நான்தான். நிதானம் மட்டும் நீயே கொண்டு வந்தது.

ஒருநாள் வெள்ளைக் கழுத்துப்பட்டை போட்ட வியாபாரி ஒருவருக்கு அவசர அவசரமாக ஒரு பெண்ணின் ஓவியத்தை ஜோடி சேர்த்து, பட்டியலில் முதலில் இருந்த மனைவியின் பெயரை எழுதி முடித்துவிட்டேன். அந்தப் பெண்ணின் ஓவிய மூலையில் வருஷம் போட்டிருந்ததை நீதான் பார்த்தாய். அந்தப் பெயருக்குரியவள் அதற்கு முன்பே செத்திருந்தாள். படத்தில் இருந்தவள் இரண்டாம் மனைவி.

செத்தவளுக்கு என்ன தெரியப் போகிறது என்று அலுத்துக்கொண்டேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "எங்க வூட்டுலயும் ஒருத்தி படத்துல இருக்கறா. தெனம் நாந்தான் அவ பக்கமா பூ வெக்கறேன். அவளுது எதையும் எனக்குன்னு எழுதுனா எனக்கு ஆவாதுடி."

அதனால்தான் இன்று பந்தியில் உட்கார முடியாமல் உன் வீட்டுக்காரரைத் தேடிப் போனேன். பழைய படம் எங்கே என்று கேட்டேன். பரண் மேலிருந்து இறக்கித் துடைத்துக் கொடுத்தார். மூத்தவளின் பெயரைக் கேட்டேன்.

"வந்த மொத நாளு அவளும் இதத்தாங்க கேட்டா" என்று உன்னைச் சொன்னவர், பிறகு அந்தப் பெயரைச் சொன்னார்.

புதுப் படத்தின் பின்னால் பென்சிலால் எழுதினேன். முகத்துக்கு உன் பெயர். புடவைக்கும் கைகளுக்கும் அவள் பெயர். பழைய படத்தை அதன் ஆணியிலேயே, புதுப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். உன் நாத்தனாருக்குக் கோபம்தான், இருக்கட்டும்.

பஸ் இண்டூர் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது, அவள் பக்கம் பூ வைக்காமல் வந்துவிட்டேன். அவசரக்காரி இன்னும் அப்படியேதான் இருக்கிறேன். நாளைக் காலையில் திரும்பப் போகிறேன். இனி உனக்கும் சேர்த்து இரண்டு முழம் வாங்க வேண்டும்.