இடது கைக்கு வெட்டிய அட்டை

குரும்பலூர்,
புரட்டாசி மூன்றாம் சனி.

என் செல்ல மகள் நந்தினிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உங்கப்பாவும் தம்பியும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நல்லபடியாக இருக்கிறோம், ஷில்லாங் குளிரில் நீயும் காதுக்குத் துணி கட்டிக்கொண்டு சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது, இந்த வாரம் ஒரு மழை பெய்தால் தேவலை, அப்பா வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி என்கிறார். தம்பி தமிழழகனுக்கு அரியலூர் சிமெண்ட் ஆலையில் இந்த மாதம் பகல் ஷிப்ட், அதனால் வீட்டில் மனுஷன் முகம் பார்க்க முடிகிறது. எனக்குத் தீபாவளி ஜாக்கெட் தைக்க வேண்டியது மலை போலக் கிடக்கிறது, ஆளாளுக்கு வந்து எப்போ தருவே என்று உயிரை வாங்குகிறார்கள், அதையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் விஷயம் இருக்கிறது என்று நீயே தெரிந்துகொள். கிட்டார் ஆர்டர் போடாதே, பொறு, கடிதம் வருகிறது என்று மெசேஜ் அனுப்பினேன் இல்லையா, காரணத்தைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ மூன்று கிட்டார் படம் அனுப்பி, கார்த்திகையில் முதல் தடவையாக மேடை ஏறப்போகிறேன், இதில் எதை வாங்கட்டும்மா என்று கேட்டபோது முதலில் என்னைக் கிண்டல் பண்ணுகிறாய் என்றுதான் நினைத்தேன். பேங்க் வேலைக்குப் போன பிள்ளை ராக், மெட்டல் என்று கிளம்பினதையே நான் இன்னும் முழுசாக ஜீரணிக்கவில்லை. ஒன்று V எழுத்து மாதிரி, ஒன்று நாலு முனை நட்சத்திரம், மூன்றாவது யாரோ ஒரு பக்கம் பிடித்து இழுத்துவிட்ட மாதிரி கோணலாக. உங்கப்பா பார்த்துவிட்டு, இதுல பாட்டு வாசிப்பாங்களா, மரம் வெட்டுவாங்களான்னு கேட்டார். ஆனால் கேட்டுவிட்டாயே, சும்மா ஒன்றைச் சொல்ல எனக்கு மனசு வருமா, உடம்பில் மாட்டுகிற சாமான் என்றால் அளவு பார்க்காமல் பேசக் கூடாது என்பது என் தொழில் புத்தி. பக்கத்துக் கடை அரியமுத்துவிடம் பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, நீ அனுப்பின அளவுக்கு மூன்றையும் வரைந்து வெட்டி, நாடா கோர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். ஜாக்கெட் வாங்க வந்த பாக்யலட்சுமி டீச்சர் என்னைப் பார்த்து, அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் தெருவில் ஓடுகிறது. V மடியில் நிற்காமல் வழுக்கியது, நட்சத்திரம் விலாவில் குத்தியது, கோணல்தான் தொடையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை போனில், கோணலை வாங்கு, வேறு பேச்சே வேண்டாம் என்று கட்டளை போட்டேன். எனக்கு V பிடிச்சிருக்கும்மா, அது ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்குன்னு நீ மெதுவாகச் சொன்னாய். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நீ சரிம்மா என்றாய்.

புதன்கிழமை சாயங்காலம், தோழியின் கிட்டாரில் நீ வாசித்து அனுப்பின வீடியோவை அப்பா பத்தாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, ஏண்டி வள்ளி, புள்ள எடது கையாலதானே தட்டுதுன்னார். அதெல்லாம் போன் திருப்பிக் காட்டும், வீடியோ காலில் என் மூக்குத்தியே எனக்குப் பக்கம் மாறித்தானே தெரியுது, நீங்க வேலையைப் பாருங்க என்று அடக்கினேன். அவர் விடவில்லை. அப்ப பின்னாடி செவுத்துல அவ பேங்க் காலண்டர் எழுத்து மட்டும் எப்படி நேரா இருக்குன்னு கேட்டார். வாங்கிப் பார்த்தேன். எழுத்து நேராகத்தான் இருந்தது. தோழியின் கிட்டாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, இடது கையால் என் பிள்ளை வாசிக்கிறாள், அதுவும் எவ்வளவு சந்தோஷமாக. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல என்று நீ சொன்னது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட்டை மூன்றையும் வலது கைக்கென்றே மாட்டிப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் உன் இடது கைப் பழக்கத்தை அஞ்சு வயதிலேயே மாற்றிவிட்டேன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தவள் நான்தானே.

உனக்கு ஞாபகம் இருக்கும். கல்லங்குறிச்சி பெருமாள் கோயிலில் இதே புரட்டாசி சனியில் நீ தீர்த்தத்துக்கு இடது கையை நீட்டினாய், வரிசையில் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள், எனக்கு மானம் போச்சு. அன்றைக்கு ஆரம்பித்தது. சாப்பிடும்போது ஸ்கேலால் கையில் அடித்தேன், பாவாடை நாடாவால் உன் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டியும் வைத்தேன். நீ அழவில்லை, சரிம்மா சரிம்மா என்றுதான் சொன்னாய். துணி வெட்டக் கொடுத்தால் கோணலாக வெட்டுவாய், உனக்குக் கை வளையாது என்று திட்டுவேன். நேற்று என் கத்தரியை இடது கையில் பிடித்து வெட்டிப் பார்த்தேன் நந்தினி. துணி மடங்கியதே தவிர வெட்டுப்படவில்லை. கத்தரியே வலது கைக்குச் செய்தது, முப்பது வருஷமாகப் பிடிக்கிறேன், எனக்கே தெரியாது. நான் செய்தது தப்பு. அஞ்சு வயதுப் பிள்ளையைக் கட்டி வைத்தது பெரிய தப்பு. இருபத்தேழு வயதிலும் எந்தக் கையால் வாசிக்கிறேன் என்று சொல்ல நீ என்னிடம் பயந்திருக்கிறாய்.

இனி வேலைக்கு வருகிறேன். இடது கைக்கென்றே செய்த கிட்டார் கடைகளில் அபூர்வம், சொல்லிச் செய்தால் மாசக்கணக்கில் ஆகும் என்று தம்பி பார்த்துச் சொன்னான், அப்படியென்றால் கார்த்திகைக்கு வராது. கோணல் அட்டையைத் திருப்பி மாட்டினேன், நீட்டின முனை மேலே வந்து முழங்கையை இடிக்கிறது, கம்பியை அமுக்க விரல் போக இடமில்லை. V-யை எப்படித் திருப்பினாலும் அது அதுவாகவே இருக்கிறது, கம்பியை மாற்றிக் கட்டுவது கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். மடியில் வழுக்கும் என்றேனே, அது நான் உட்கார்ந்த லட்சணம். அதன் பிளவில் தொடையை விட்டு உட்கார்ந்தால் அசையாமல் நிற்கிறது. V அட்டையை நாலாக மடித்து இதோடு வைத்திருக்கிறேன், உன் கைக்கு மாட்டிப் பார். கூடவே ஒரு வார் தைத்திருக்கிறேன், வலது தோளில் போடுகிற மாதிரி, வழுக்காமலிருக்க அடியில் கித்தான் துணி. இதெல்லாம் அளவுதான் கண்ணு, கட்டளை இல்லை. நட்சத்திரம்தான் வேணும் என்றால் நட்சத்திரத்தை வாங்கு, விலாவில் குத்தினால் பஞ்சு வைத்து உறை தைத்துத் தருகிறேன்.

இன்று காலை கல்லங்குறிச்சி போய் உன் பேரில் துளசி மாலை சாத்திவிட்டு வந்தோம். நீ மேடை ஏறுகிற தேதியை முன்கூட்டியே சொல், அப்பா டிக்கெட் எடுக்க வேண்டும் என்கிறார், இந்த வயதில் அவ்வளவு தூரம் ரயிலில் உட்காருவாரா தெரியாது, ஆனால் பெட்டியைத் தூசி தட்டி வைத்துவிட்டார். தலைக்குக் குளித்தால் உடனே துவட்டு. பொங்கலுக்கு வரும்போது இலையில் உனக்கு எந்தக் கை வருகிறதோ அந்தக் கையால் சாப்பிடு, யார் முகம் சுளித்தாலும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பெருமாள் உன்னையும் உன் ரெண்டு கையையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

கீழே கோழி கிண்டின மாதிரி இருப்பது என் கையெழுத்துதான், பயப்படாதே. இடது கையால் போட்டிருக்கிறேன், நாலு காகிதம் வீணான பிறகு இந்த அளவுக்குத்தான் வந்தது.

உன் அம்மா,
அம்சவள்ளி