முன் இருக்கை காலியாக இருக்கிறது

புனே, சிஞ்ச்வட்.

அன்புள்ள கணவர் பத்ரிநாத் அவர்களுக்கு, பானுமதி எழுதுவது.

மஸ்கட்டில் நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் உடம்புக்கு எதுவும் வராது, வருவதெல்லாம் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் மீட்டிங் என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தி முதலில். சொசைட்டியில் லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது. நான்கு மாடியும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன். இடுப்பு பெல்ட்டைக் குளிக்கும்போது மட்டும் கழற்றலாம் என்று கோர்படே டாக்டர் சொல்லியிருக்கிறார். முதுகுத்தண்டில் ஒரு எலும்பு நசுங்கியது நசுங்கியதுதானாம், பழைய உயரத்துக்கு வராதாம். லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே ஆபீஸ் போகிறேன், ஏனென்றால் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக நீங்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்ததால், மேல்வீட்டு அம்மா எனக்கு ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதை விரித்து வைத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் படகுக்கு வருகிறேன்.

கடக்வாஸ்லா தாண்டி, உங்கள் நண்பன் தருணின் பண்ணை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நீர்த்தேக்கத்தில் அதை முதன்முதலாக இறக்கிய நாள் நினைவிருக்கும். வேகம் எடுத்ததும் படகின் மூக்கு எழும்பித் தண்ணீரில் அடித்தது, மறுபடி எழும்பி மறுபடி அடித்தது. உங்கள் நண்பர்கள் கரையில் நின்று சிரித்தார்கள். உங்களுக்கு மூஞ்சி செத்துவிட்டது. உடனே என்னைக் கூப்பிட்டு முன் பலகையில் உட்கார வைத்தீர்கள். முன்னால் கனம் ஏறியதும் குதிப்பு பாதி அடங்கியது. பானு உக்காந்தா போதும், படகு தானா படுத்துக்கும் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று கரையில் எனக்கு வேறு முகம் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

அன்று வீடு திரும்பும்போது காரில் நான் ஒன்று சொன்னேன். எஞ்சினைப் படகின் பின்பலகையில் மாட்டியிருக்கும் இடத்தில் வரிசையாக ஓட்டைகள் இருக்கின்றன, அதில் ஒரு குறுக்குக் கம்பி செருகியிருக்கிறது, அந்தக் கம்பியை ஒரு ஓட்டை உள்ளே தள்ளிப் போட்டால் எஞ்சின் படகோடு ஒட்டி நிற்கும், மூக்கு தானாகக் கீழே படியும் என்றேன். கம்பெனியில் நாள் முழுக்க ஷாக் அப்சார்பரைக் குலுக்கிப் பார்ப்பதுதான் என் வேலை, எது ஏன் குதிக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். நீங்கள் கேட்டுவிட்டு, உன் வேலை முன்னாடி உக்கார்றது, அதைப் பாரு என்றீர்கள். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் முன் பலகையில் உட்கார்ந்தேன், அடி வாங்கினேன். நீங்கள் மஸ்கட் போவதற்கு முன் கடைசி ஞாயிறு எலும்பு போனது. வலிக்கிறது, நிறுத்துங்கள் என்று கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் தருணின் மனைவி வைஷாலி என்னைப் பார்க்க வந்தாள். பூரண்போளி கொண்டுவந்தாள், ஆனால் உட்கார்ந்ததிலிருந்து அவளுக்கு அழுகை. அவள் போனில் அந்தக் கடைசி ஞாயிறு எடுத்த வீடியோ இருந்தது. அதில் நான் இன்னும் பண்ணை வீட்டுப் படி இறங்கி வரவில்லை. நீங்கள் தருணைப் பார்த்து, ஏக் சேத் பாஹர் கர், மேடம் ஆ ரஹி ஹை என்கிறீர்கள். ஒரு ஓட்டை வெளியே தள்ளு, மேடம் வருகிறாள். தருண் கம்பியை உருவி வெளி ஓட்டையில் போடுகிறான். எல்லோரும் சிரிக்கிறீர்கள். அப்புறம் நான் வருகிறேன், பச்சைச் சுடிதாரில், உங்களுக்கெல்லாம் டீ பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு. நான் நிறுத்தச் சொல்லிக் கத்துவது கரையில் எடுத்த அந்த வீடியோவிலேயே தெளிவாகக் கேட்கிறது. நீங்கள் எனக்குப் பின்னால் ஆறடியில் இருந்தீர்கள்.

வைஷாலியைக் கேட்டேன், அவள் மறைக்கவில்லை. நான் காரில் சொன்னதற்கு அடுத்த தடவையே, நான் ஆபீஸில் இருந்த ஒரு நாளில், நீங்கள் கம்பியை உள்ளே போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். படகு அடங்கிவிட்டது. அதை உங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்று சொல்லிப் பாராட்டும் வாங்கியிருக்கிறீர்கள். அன்றிலிருந்து நீங்கள் மட்டும் போகும்போது கம்பி உள்ளே, நான் வரும்போது கம்பி வெளியே. குண்டுப் பொண்டாட்டி குதிப்பதைப் பார்க்க அவ்வளவு ஆசையா உங்களுக்கு? சொல்லியிருந்தால் வீட்டிலேயே குதித்துக் காட்டியிருப்பேன்.

கோயம்புத்தூருக்குப் போன் செய்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன், வீடியோவையும் அனுப்பினேன். பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். எலும்பைப் பற்றிச் சொன்னதும், வெளையாட்டுக்குப் பண்ணியிருப்பான் கண்ணு, ஆம்பளைங்க நாலு பேர் சேர்ந்தா அப்படித்தான், நீ மனசுல வெச்சுக்காதே என்றார். நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். யார் பிள்ளை நீங்கள் என்பதில் எனக்கு இனி சந்தேகமில்லை.

முந்தாநாள் வைஷாலியோடு தேக்கத்துக்குப் போனேன். பெல்ட்டோடு குனிய முடியவில்லை, அவள்தான் கம்பியை உருவி உள் ஓட்டையில் போட்டாள். நானே ஓட்டினேன். உங்கள் படகில் இத்தனை ஞாயிறு சும்மாவா உட்கார்ந்திருந்தேன், நீங்கள் ஓட்டுவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே கற்றுக்கொண்டேன். முன் பலகையில் ஆளே இல்லை. இஸ்திரி போட்ட துணி மேல் கை ஓடுவது போல் ஓடியது. இவ்வளவுக்குத்தான் என் எலும்பு என்று நினைத்ததும் அங்கேயே எஞ்சினை நிறுத்திவிட்டு அழுதேன். வைஷாலி கரையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

போன மாதம் நீங்கள் மெசேஜ் அனுப்பியிருந்தீர்கள், தசராவுக்கு வருகிறேன், தருண் வீட்டில் எல்லோரும் கூடுகிறோம், உன் சீட் காத்திருக்கிறது, உடம்பு இளைச்சியா என்று. கட்டாயம் கூடுவோம். நண்பர்கள் எல்லோரையும் நானே அழைத்துவிட்டேன். யார் வீடியோ எடுப்பது என்றும் பேசியாகிவிட்டது. கம்பியை நீங்கள் எனக்காகப் போடச் சொன்ன அதே வெளி ஓட்டையில் மறுபடி போடச் செய்திருக்கிறேன். அதே வேகம், அதே சுற்று. இந்த முறை நான் ஓட்டுகிறேன், முன் பலகை உங்களுக்கு.

நீங்கள் உட்கார மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அது முதுகை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்திருப்பதால்தான் உட்கார மாட்டீர்கள். அதை அத்தனை பேர் முன்னால் நின்று, முடியாது என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். வெறும் விளையாட்டுதான் என்றால் உட்காருங்கள். இரண்டில் ஒன்றைச் செய்யாமல் இந்த வீட்டுப் படியேற வேண்டாம். உங்கள் துணிமணி, ஷூ, ஷேவிங் செட் எல்லாவற்றையும் வைஷாலியின் காரில் ஏற்றித் தருண் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். விமான நிலையத்திலிருந்து நேரே அங்கே போங்கள்.

அதுவரை வேளைக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் அலையாதீர்கள், கனமான எதையும் தூக்காதீர்கள். நல்ல முதுகோடு வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
பானுமதி