உப்புப் பார்த்த ஞாயிறு

சேசு மரி சூசை
பல்லடம், 12-10-1936

அன்புள்ள மாமாவுக்கு,

சகாயமேரி எழுதுவது. நான் சுகம். நீங்கள் ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற மும்முரத்தில் சாப்பாட்டை மறந்துவிடுவதாகக் கேள்வி. உடம்பு என்னத்துக்கு ஆகும்?

வருகிற ஞாயிறு இந்த ஊர்க் கோயிலில் பூசை வைக்கச் சாமியார் வருகிறார். நான் சாமியார் கையால் நன்மை அப்பம் நாக்கில் வாங்கி நாலு மாதமாகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கிறேன். வாய் சொல்கிறது, மனசு அடுப்படியில் நிற்கிறது. சர்வேசுரன் எங்கோ தூரத்தில் இருப்பதுபோல இருக்கிறது. அவரிடம் கிட்டப் போகவேண்டும் மாமா. வேறு ஆசை இல்லை.

நீங்களும் வாருங்கள். நம் குழந்தை தவறின இந்த மூன்று வருஷமாக, எந்தப் பூசைக்கு வந்தாலும் கதவோரம் நின்றுவிட்டு, நன்மை வாங்காமலே போய்விடுகிறீர்கள். சாமிமேல் கோபமென்றால் கிட்டப் போய்ச் சண்டை பிடிக்கலாமே.

உங்கள்
சகாயமேரி

---

போத்தனூர், 14-10-1936

அம்மணிக்கு,

ஞாயிறு எனக்கு டியூட்டி. இல்லாவிட்டாலும் வந்திருக்கமாட்டேன், உன்னிடம் பொய் எழுதுவானேன்? கதவோரம் காற்று நன்றாக வரும், அதனால் நிற்கிறேன். அதற்கு மேல் கேட்காதே.

நீ மனசாரப் போய் வாங்கு. சனிக்கிழமை நேரத்தோடு சாப்பிட்டுவிடு. நன்மை வாங்குகிறவர்களுக்கு நடுச்சாமத்துக்குமேல் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று எனக்கே பாடம் நடத்தியவள் நீ. காலையில் மயக்கம் போட்டு விழுந்தால் தூக்க நான் அங்கே இல்லை.

ஆரோக்கியதாஸ்

---

சே. ம. சூ.
பல்லடம், 19-10-1936

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்மை வாங்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பாத்திமுத்துவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அவள் வீட்டுக்காரர் ஊரில் இல்லை. விடியற்காலையில் போய்க் கஞ்சி வைத்தேன். கரண்டியால் எடுத்து, உள்ளங்கையில் விட்டு, உப்புப் பார்த்துவிட்டேன்! தொண்டைக்குள் இறங்கின பிறகுதான் புத்தி வந்தது. அடுப்பின் முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். "ஏனுங்க டீச்சரம்மா, என்னாலதானுங்களே இப்படி ஆகிப்போச்சு?" என்று அவளும் படுத்தபடியே அழுதாள். "உன்னால இல்ல கண்ணு, இந்தப் பாழாப்போன நாக்கால" என்றேன். கஞ்சிக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது.

கோயிலில் முன்னால் போக வெட்கமாக இருந்தது. கதவோரம் நின்றேன், நீங்கள் நிற்கிற மாதிரி. அங்கே காற்றே வரவில்லை மாமா.

எல்லாரும் எழுந்து போய் முழங்காலில் நின்று வாங்கினார்கள். எனக்கு மட்டும் இல்லை. வாங்கின நாட்களில் ஒரு நாளும் அவரை இத்தனை ஆசையோடு நான் தேடினதில்லை. நெஞ்சே கிழிந்துவிடும் போல இருந்தது. தூரம் என்று எழுதினேனே, அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் ஒவ்வொரு தடவையும் இந்தப் பசியோடுதான் அங்கே நிற்கிறீர்களா?

உங்கள்
சகாயமேரி

---

சே. ம. சூ.
போத்தனூர், 23-10-1936

என் அம்மணிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். இரண்டு தடவை பதில் எழுதிக் கிழித்துப்போட்டேன்.

ஆமாம். பிள்ளையை எடுத்துக்கொண்டவரிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. அவரை விட்டு வெளியே போகக் காலும் வரவில்லை. அதனால் கதவோரம். இத்தனை நாள் இதை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் காற்று என்றுதான் சொல்லியிருப்பேன். நீ அங்கே போய் நின்று பார்த்துவிட்டாய். இனி உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

நவம்பர் முதல் தேதி ஞாயிறு, சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள், புனிதர்கள் எல்லாருக்குமான நாள். லீவு கேட்டு வாங்கிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறேன். சாமியாரிடம் என்ன சொல்வேனோ தெரியாது; முதலில் சண்டைதான் வாயில் வரும். சனிக்கிழமையே பஸ் ஏறி உக்கடத்தில் வந்து இறங்கு, நான் அங்கே நிற்பேன். ஞாயிறு காலையில் இரண்டு பேரும் முன்னால் போவோம். மறுநாள் கல்லறைத் திருநாளுக்குப் பிள்ளையிடமும் போய்வரலாம்.

பூசை முடிந்ததும் பசி தாங்காது. நீ விடியற்காலையிலேயே எழுந்து புளிச்சோறு கிளறிவிடுவாய், எனக்குத் தெரியும். கிளறு. உப்பு மட்டும் பார்க்காதே. கூடினாலும் குறைந்தாலும் சாப்பிடுவேன்.

உன்
ஆரோக்கியதாஸ்